அலைச்சறுக்குக்குப் பை கட்டுவது எப்படி?

மலேசியாவில் அலைச்சறுக்குக்கு ஏற்ற காலம், மற்றவர்கள் கடற்கரைப் பக்கமே போகத் தயங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடல் காற்று பகாங்கின் செராத்திங் கடற்கரைக்கு அலைகளைக் கொண்டுவருகிறது. “வெள்ளக் காலத்தில் கடலா?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது; நானே பல்கலைக்கழகம் வந்துதான் கற்றேன். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே விட்டார்.

முதல் பயணத்தில் பருத்திச் சட்டையோடு இறங்கினேன். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் நீரைத் தள்ளித் தள்ளி, வயிறெல்லாம் உரசிப் புண்ணாயிற்று. ஆகவே உடலோடு ஒட்டும் நீண்ட கை நீச்சல் சட்டையை முதலில் எடுத்து வையுங்கள். வெயிலையும் அது தடுக்கும்.

அடுத்தது மெழுகு. கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் தேய்ப்பது. குளிர்நீருக்கான மெழுகு மென்மையானது. நம் வெதுவெதுப்பான கடலில் இளகிவிடும். உறையில் ‘டிராப்பிக்கல்’ என்று போட்டிருக்கும் கெட்டி மெழுகையே வாங்குங்கள். அதையும் வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். நான் விட்டேன்; துவைத்து வைத்த துணியெல்லாம் மெழுகு!

வாடகைப் பலகை போதும். காலில் கட்டும் கயிற்றை மட்டும் இழுத்துப் பாருங்கள்.

அம்மா என் பையில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார். கடலில் இறங்குமுன் பூசினால் பலகை வழுக்கும். ஆனால், பழைய மெழுகைச் சுரண்டிய பின் மிச்சத்தைத் துடைக்க அதுவே கைகொடுத்தது. இப்போது போத்தலை நானே கேட்டு வாங்குகிறேன். அம்மா கொடியைப் பற்றி மட்டும் கேட்பார்.