பெரிய மனிதர்களுக்குத் தாடி வளர்ந்த கதை!

பண்ணையாருக்குத் தாடி வளர்ந்து விட்டது. வட்டிக்கடைக்காரருக்கும் தாடி. ஊர்ப் பெரிய மனிதர்கள் முகத்தில் எல்லாம் தாடி!

காரணம் என்ன? சந்து என்ற பையன் வேலை நிறுத்தம் செய்து விட்டான். சந்து, நாவிதர் வீட்டுப் பிள்ளை.

இது ஒரு சிறுகதை. எழுதியவர் முல்க்ராஜ் ஆனந்த். கதையின் பெயர் "நாவிதர் தொழிற்சங்கம்". 1944-ம் ஆண்டில் வெளிவந்த அவரது சிறுகதைத் தொகுதிக்கும் அதே பெயர்தான். கதை நடப்பது வடநாட்டுக் கிராமத்தில். எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில்.

டாக்டர் உடை

சந்துவின் தகப்பனார் இறந்து விட்டார். குடும்பத் தொழிலைப் பையன் ஏற்றுக் கொண்டான். வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தான்.

பட்டணத்தில் அவன் ஒரு டாக்டரைப் பார்த்தான். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு, கையில் தோல் பை. சந்துவுக்கு ஆசை வந்து விட்டது. அதேபோல் உடுத்திக் கொண்டு பண்ணையார் வீட்டுக்குப் போனான்.

பண்ணையாருக்கு வந்ததே கோபம்! நாவிதன் நாவிதனாகத்தான் வரவேண்டும் என்று திட்டி விரட்டினார். மற்றப் பெரியவர்களும் ஏசினார்கள்.

சந்து அழவில்லை. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். பட்டணத்தில் போய்த் தொழில் செய்தான். ஊரில் எவருக்கும் சவரம் இல்லை!

தாடியைப் பார்த்துச் சிறுவர்கள் சிரித்தார்கள். பண்ணையாரின் இளம் மனைவியோ, வீட்டை விட்டே போய் விடுவேன் என்று மிரட்டினாள். பெரியவர்கள் பக்கத்து ஊர் நாவிதருக்கு அதிகக் கூலி தருவதாகச் சொன்னார்கள்.

சந்து முந்திக் கொண்டான். அக்கம்பக்கத்து நாவிதர்களை எல்லாம் கூட்டினான். "இனி நாம் போகவேண்டாம். அவர்கள் வரட்டும்" என்று முடிவாயிற்று. எல்லோரும் சேர்ந்து ஒரு முடிதிருத்தும் கடை திறந்தார்கள்.

தூக்கி வந்த சிறுவன்

கதையைச் சொல்லுகிறவன் சந்துவின் தோழன். அவன் மேல் சாதிப் பையன். சந்துவோடு சேரக் கூடாது என்று தாயார் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை.

ஆனந்தின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு தோழன் இருந்தான். சிறுவயதில் ஆனந்தின் தலையில் கல் பட்டு ரத்தம் கொட்டியது. துப்புரவுத் தொழிலாளியின் மகன் அவரைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். அவனுக்குக் கிடைத்தது நன்றி அல்ல, வசவு! பிள்ளையைத் தொட்டுத் தீட்டாக்கி விட்டான் என்று தாயார் ஏசினார்.

அந்தச் சிறுவனை ஆனந்த் மறக்கவில்லை. அவனை நினைத்தே "தீண்டத்தகாதவன்" என்ற நாவலை எழுதினார். சபர்மதி ஆசிரமத்தில் காந்திஜியைக் கண்டு, அவர் யோசனைப்படி நாவலைத் திருத்தினார். 19 பதிப்பகங்கள் அதை வெளியிட மறுத்தன. கடைசியில் 1935-ம் ஆண்டில் வெளிவந்தது.

பித்தளைத் தொழில் குடும்பம்

ஆனந்த் 1905-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி பெஷாவரில் பிறந்தார். குடும்பத் தொழில் செம்பு, பித்தளை வேலை. தகப்பனார் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஆனந்த் அமிர்தசரசிலும், பிறகு லண்டனிலும் படித்து டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆங்கிலத்தில் எழுதினாலும், பஞ்சாபி மக்களின் பேச்சும் வசவும் அவர் கதைகளில் அப்படியே ஒலிக்கும். கூலிக்காரர், தோட்டத் தொழிலாளி, தோட்டி ஆகியோரே அவருடைய கதாநாயகர்கள்.

"தொலைந்த குழந்தை" என்ற அவரது இன்னொரு கதை பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இடம் பெற்றது. திருவிழாவில் மிட்டாயும் பலூனும் கேட்ட குழந்தை, பெற்றோரைக் காணாமல் தவிக்கிறது. பிறகு யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறது. அதற்கு வேண்டியது தாயும் தந்தையும்தான்!

1967-ம் ஆண்டில் ஆனந்துக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2004-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, 98 வயதில், புனாவில் காலமானார்.

சந்து ஒரு கல்லும் எறியவில்லை. கத்தியும் சோப்பும் அவன் கையில் இருந்தன. பெரிய மனிதர்களுக்கு அவன் தேவைப்பட்டான். அது அவனுக்குத் தெரிந்து விட்டது. அவ்வளவுதான் கதை!