சுருங்க எழுதும் விண்ணப்பம்

அரசாங்க வர்த்தமானியில் வேலை விளம்பரம் படித்தவர்கள் ஒரு நிபந்தனையை அறிவார்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புக. கடித உறையின் இடப்பக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதுக என்பதே அது. உறையைப் பிரிக்குமுன்னரே எழுதுவினைஞர் கடிதங்களை இனம்பிரித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அவ்வேலையைக் கணினி செய்கிறது. இணையவழியாக வரும் விண்ணப்பத்தைப் படித்து, பெயர், கல்வி, அனுபவம் எனக் கூறுபோட்டு, விளம்பரத்திலுள்ள சொற்கள் அதில் உண்டா எனத் தேடுகிறது. அதன் பின்னரே மனிதர் பார்க்கிறார். அவருக்கும் அவகாசம் சொற்பம்.

வட்டக்கச்சியிலிருந்தும் அயற் கிராமங்களிலிருந்தும் விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி எம்மிடம் வரும் பிள்ளைகள் பலர். அவர்களுடைய சுயவிபரக் கோவை பெரும்பாலும் நான்கு பக்கம். தகப்பனார் பெயர், சமயம், உயரம், இல்ல விளையாட்டுப் போட்டியில் பெற்ற இடம் யாவும் முன்னே நிற்கும். வேலைக்கு வேண்டிய தகைமையோ மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். சிலர் அச்சிட்ட தாளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பிவிடுகின்றனர். படத்திலுள்ள எழுத்தைப் பல கணினி முறைகள் எழுத்தாகவே கொள்வதில்லை. கட்டங்களும் இரட்டைப் பத்திகளும் போட்டு அலங்கரித்தாலும் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும்.

“களஞ்சியத்தில் சகல கடமைகளையும் திறம்படவும் நேர்மையாகவும் ஆற்றிய அனுபவம் உண்டு” என்று ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தார். என்ன கடமை என்று வினவினோம். “களஞ்சியப் பொறுப்பு, 2 ஆண்டு. நெல் மூடைகளின் வரவு செலவை நாளாந்தம் எக்செல் தாளிற் பதிந்தேன், மாத முடிவில் இருப்பு எண்ணினேன்” என்று அதே வரி மாறியது. புகழ்ச்சி போய்விட்டது, தேடுகின்ற இயந்திரத்துக்கும் படிக்கின்ற மனிதருக்கும் பிடிப்பதற்கு ஏதோ கிடைத்தது.

அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களிற் பயின்றோர் “தொழில்நுட்பப் பயிற்சி பெற்றேன்” என்று மட்டும் எழுதி நிறுத்துவது வீண். தேசிய தொழிற்றகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. எந்தத் தொழிலில் எத்தனையாம் மட்டம் என்பதை எழுத வேண்டும், என்.வி.கியூ. என்ற சுருக்கத்தையும் அதன் முழுப்பெயரையும் சேர்த்தே இடுதல் நலம், ஏனெனில் தேடுபவர் எதனைத் தட்டுவார் என்பது நமக்குத் தெரியாது.

பெயர் விடயம் நகைப்புக்குரியதுபோலத் தோன்றும். வட்டக்கச்சி என்னும் ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு ‘ரீ’ இட்டும் இரண்டு ‘டீ’ இட்டும் எழுதுகிறார்கள். ஆட்பெயரும் அப்படியே. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பரீட்சைச் சான்றிதழில் வேறுவிதம் என்றால், கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இருவர் போலப் படும். ஒரே எழுத்துக்கூட்டலை இறுதிவரை பேணுக. ஊருடன் கிளிநொச்சி மாவட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இங்குள்ளோர்க்கு மிகக் கடினமான வரி வேறொன்று. 2009ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்து நிற்கிறார்கள். அவர்களது ஆண்டு வரிசையில் ஓர் இடைவெளி உண்டு. சிலர் ஆண்டுகளை மாற்றி அதனை மூட எண்ணுகிறார்கள். சான்றிதழைப் பார்த்ததும் அது வெளிப்பட்டுவிடும். வேறு சிலர் ஒரு பக்கம் நிறைய எழுதிவிடுகிறார்கள். “2008–2010: போரினால் இடம்பெயர்வு; 2011இல் படிப்புத் தொடர்ந்தது” என்றவாறு தத்தம் உண்மையான ஆண்டுகளுடன் ஒரு வரி போதும் என்பது எம் கருத்து. அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் கதையே கிடக்கலாம். அதனைக் கேட்க உரிமையுடையவர் ஆட்சேர்ப்பாளர் அல்லர்.

ஏறத்தாழ 1482இல் ஓவியர் லியனார்டோ டா வின்சி மிலான் நகர ஆட்சியாளருக்கு வரைந்த விண்ணப்பத்தில், பாலமும் போர்க்கருவியும் அமைக்கும் வல்லமையே முன்னிற்கிறது; ஓவியம் கடைசியில்தான் வருகிறது. ஆட்சியாளருக்கு எது வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இயந்திரத்தின் தீர்ப்புக்கு அஞ்சித் தம்மைத் தாழ்வாக எண்ணவும் வேண்டியதில்லை. அமேசன் நிறுவனம் பரீட்சித்த தெரிவுக்கருவி பெண்களின் விண்ணப்பங்களைப் பின்தள்ளியதும், அது கைவிடப்பட்டதும் 2018இல் வெளிவந்த செய்தி. ஆனால் இல்லாத தகைமையை வெள்ளை எழுத்தில் மறைத்து வைக்கும் தந்திரத்தை மட்டும் எவரும் கைக்கொள்ளற்க. கணினியை அது ஏமாற்றலாம். நேர்முகப் பரீட்சையில் முன்னே அமர்ந்திருப்பவர் அந்தத் தகைமையைப் பற்றித்தான் முதலிற் கேட்பார்.