இரண்டாம் தடவை எடுக்கும் புள்ளி

புத்தளம் மாவட்டத்துக் கண்டக்குழியில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்குப் பெறுபேறு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு கிடைக்கிற பாடநெறிக்குப் போவதா, மருத்துவ பீடத்துக்காக இன்னொரு தடவை எழுதுவதா? பதில் சொல்வதற்கு முன், பின்னால் எடுக்கும் புள்ளி எப்படிக் கணக்கில் சேர்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய புள்ளியும் புதிய புள்ளியும் சேர்ந்தே மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் சராசரியில் ஏறும். பிந்திய ஆண்டுகளில் ஏறுமுகம் இருந்தால் தேர்வுக் குழு அதையும் கவனிக்கும். இலங்கையில் இந்த இரண்டும் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஒருவரின் மூன்று தடவைகள் வரை ஏற்றுக்கொள்ளப்படும். ஒவ்வொரு கல்வியாண்டின் அனுமதியும் குறித்த ஓர் ஆண்டின் உயர்தரப் பரீட்சையை வைத்தே நடக்கிறது. முதல் தடவை இரசாயனவியலில் எஸ் எடுத்தவர் அடுத்த தடவை ஏ எடுத்தால் அந்த எஸ் அவரைத் துரத்தி வராது. முதல் தடவை உயிரியலில் எடுத்த ஏயைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு பௌதிகவியலை மட்டும் திரும்ப எழுதவும் முடியாது. மூன்று பாடங்களும் ஒரே தடவையில் வேண்டும். பௌதிகவியலோடு மல்லுக்கட்டிக்கொண்டு உயிரியலைக் கைவிட்ட பிள்ளைகள் இரண்டாம் தடவை தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

சாதாரண தரப் பெறுபேறோ பாடசாலைத் தவணைப் புள்ளியோ இந்தத் தரவரிசையில் சேர்வதில்லை. வரிசையைத் தீர்மானிப்பது இஸட் புள்ளி. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்த ஆண்டு அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம இடங்களோடு நிற்கும் எண்.

ஓர் உதாரணக் கணக்கு. முதல் தடவை இரசாயனவியலில் 60 புள்ளி. அந்த ஆண்டுச் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால் இஸட் 1.0. அடுத்த ஆண்டு அதே பிள்ளை 66 எடுக்கிறது. வினாத்தாள் இலகுவாக அமைந்து சராசரி 54க்கு ஏறிவிட்டது, விலகல் அதே 15. இப்போது இஸட் 0.8. புள்ளி கூடியிருக்கிறது, பிள்ளை பின்னால் போயிருக்கிறது. மற்றவர்களும் கூடவே ஓடும் ஓட்டம் இது. ஆகவே "போன முறையைவிட நல்லாச் செய்தேன்" என்ற திருப்தியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பலவீனமான பாடம் ஒன்றில் 15 புள்ளி முன்னேறினால், மற்றவை அப்படியே இருக்க, மொத்த இஸட் ஏறத்தாழ 0.33 உயரும். மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்பவருக்கு அது பெரிய தூரம்.

திரும்ப எழுதுகிறவர்களின் புள்ளி எவ்வளவு நுட்பமான விடயம் என்பதை நாடே பார்த்த ஆண்டு 2011. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் திரும்ப எழுதியவர்களும் ஒரே பரீட்சையில் இருந்தார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதிய இரு கூட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்து இஸட் கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் அந்தக் கணிப்பை நீதிமன்றம் இரத்துச் செய்து, இரண்டையும் தனித்தனியே கணிக்கச் சொன்னது. காத்திருந்த பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் திரும்ப எழுத நினைப்பவர்கள், தங்களுக்கு எந்தப் பாடத்திட்டம் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி மாவட்டம். மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. புத்தளம் அவற்றில் ஒன்று. ஆகவே கண்டக்குழிப் பிள்ளை பெறுபேற்றுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது மாவட்டத் தரநிலையை. புத்தளத்துக்குக் கடந்த ஆண்டுகளில் எந்த இஸட்டோடு மருத்துவ பீடம் மூடியது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி சிறிதென்றால் இன்னொரு தடவை எழுதுவதில் நியாயம் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: மாவட்டம் பொதுவாகப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலையை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. நல்ல ஆசிரியர் தேடிக் குருநாகலுக்கோ கம்பஹாவுக்கோ பிள்ளையை மாற்றும் பெற்றோர் இதை யோசித்தே மாற்ற வேண்டும். சிலாபம் என்றால் மாவட்டம் மாறாது.

காலமும் கைகொடுப்பதில்லை. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் இறுதியில் தொடங்கியது. பெறுபேறு 2025 ஏப்ரலில். அடுத்த பரீட்சை அதே 2025 நவம்பரிலேயே. பெறுபேறு வந்த பிறகு புத்தகத்தைத் தூக்கினால் ஆறு மாதம்தான் கையில் இருக்கும். அந்த மாதங்கள்தான் நம் கரையில் சோளகம் வீசும் மாதங்கள். கடல் கொந்தளித்து, சிறு படகுகள் கரையேறி, வீட்டில் காசு குறையும் காலம். புத்தளத்துக்கு பஸ் ஏறி டியூஷன் போகவும் காசு வேண்டும். திரும்ப எழுதும் பிள்ளையை "சும்மாதானே இருக்கிறாய்" என்று வேலைக்கு இழுப்பதும் இந்தக் காலத்தில்தான். வறுமையில் இழுக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த ஆறு மாதத்தை அந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பிள்ளையும் பெறுபேற்றுக்குக் காத்திராமல், பரீட்சை முடிந்த சில வாரத்திலேயே, சந்தேகமான பாடத்தின் பாஸ்ட் பேப்பர்களைக் கையில் எடுக்கலாம்.

இரண்டாம் தடவை எழுதப் போவதால் முதல் பெறுபேற்றுக்கு விண்ணப்பிக்காமல் விடுவது அவசரம். விண்ணப்பித்து வையுங்கள். வேறு பாடநெறி ஒன்றுக்கு அழைப்பு வந்தால், பதிவு செய்வதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலில், ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் பற்றிய பகுதியை வரி வரியாகப் படியுங்கள். அடுத்த ஆண்டு மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு, அந்தப் பதிவில் வைக்கும் கையெழுத்தோடு தொடர்புபட்டது. கைநூல் தமிழிலும் வெளிவருகிறது.