ஒரு கார்ட்டூனுக்கு மொத்த வெப்சைட்டும் முடக்கமா? பிரிவு 69ஏ என்ன சொல்கிறது?

2025 பிப்ரவரி 15 இரவு. விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. 'நம்ம நெட்தான் ஸ்லோ போல' என்று போனை ரீஸ்டார்ட் செய்தவர்களும் இருப்பார்கள்.

என்ன நடந்தது?
அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம் அது. டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதுபோல ஒரு கார்ட்டூன் வெளியானது. அதையடுத்துத்தான் முடக்கம்.

எந்தச் சட்டம்?
தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69ஏ. இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு இணையப் பக்கங்களை முடக்கலாம். வழக்கமாக முதலில் நோட்டீஸ் தர வேண்டும். 'அவசரம்' என்றால் முடக்கிவிட்டுப் பிறகு விசாரிக்கலாம்.

சிக்கல் எங்கே?
2015-ல் பிரிவு 66ஏ-வை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ-வை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதும் அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. ஆனால் 2009 விதிகளின் 16-வது விதி, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணமே கைக்கு வராவிட்டால் எதை வைத்து வாதாடுவது?

பிறகு?
மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனை மட்டும் தற்காலிகமாக எடுக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க உத்தரவிட்டது.

பெரிய பத்திரிகைக்கு வக்கீல் இருக்கிறார். ரூமில் உட்கார்ந்து யூடியூப் சேனல் நடத்தும் பையனுக்கு யார் இருக்கா?