ஒரே கொடி, வேறு வேறு சுவை
ஆண்டிஸ் மலையடிவாரத் தோட்டங்களில் மண்ணும் வானிலையும் செய்யும் வேலை

மரவள்ளியை எப்படி நடுகிறோம்? விதை தேடுவதில்லை. ஒரு குச்சியை வெட்டி மண்ணில் ஊன்றுகிறோம். திராட்சைத் தோட்டக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். தாய்க்கொடியின் தண்டை வெட்டி நட்டால், முளைத்து வரும் கொடிக்கும் தாய்க்கொடிக்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஆனால் ஒரே தாய்க்கொடியின் குச்சிகளை இரண்டு இடங்களில் நட்டுப் பழம் பறித்து, ஒரே முறையில் வைன் தயாரித்தால், இரண்டின் சுவையும் நிறமும் வேறுபடுகின்றன. மரபணு மாறவில்லை என்றால் மாறியது எது? அறிவியல் செய்முறைகளில் வரும் மாறிகளை நினைத்துப் பாருங்கள். இங்கே கொடி கட்டுப்படுத்தப்பட்ட மாறி. மண்ணும் வானிலையும் தற்சார்பு மாறிகள். பழத்தின் சுவை சார்பு மாறி. இயற்கையே அமைத்து வைத்த இந்தச் சோதனைக்கூடத்தைக் காண, தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினாவின் மெண்டோசா மாநிலத்துக்குப் போவோம்.

மலை மறைக்கும் மழை

மெண்டோசாவின் மேற்கு எல்லையில் ஆண்டிஸ் மலைத்தொடர் நிற்கிறது. ஆசியாவுக்கு வெளியே உலகில் உள்ள மிக உயரமான சிகரமான அக்கோன்காகுவா (6,961 மீட்டர்) இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சிலி நாட்டைக் கடந்து இந்த மலைமீது ஏறுகிறது. மேலே ஏற ஏறக் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி பனியாகவும் மழையாகவும் மலையிலேயே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. இப்படிச் சில நாள்களில் அடிவாரத்தை நோக்கி வீசும் வறண்ட வெப்பக்காற்றை அங்குள்ளவர்கள் 'சோண்டா' என்று அழைக்கிறார்கள்.

இதனால் மெண்டோசா நகரில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூரில் மழை மிகுந்த ஒரு மாதத்திலேயே இந்த அளவு பெய்துவிடும். மெண்டோசா உண்மையில் ஒரு பாலைநிலம். அங்கே தோட்டங்கள் பச்சையாக இருப்பதற்குக் காரணம், மலையில் சேர்ந்த பனி கோடையில் உருகி ஆறாக இறங்குவதுதான். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே ஹுவார்ப்பே பழங்குடியினர் இங்கே கால்வாய் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். இன்றும் நகரத் தெருக்களின் ஓரத்தில் 'அசேக்கியா' எனப்படும் வாய்க்கால்கள் ஓடுகின்றன.

பாலைநிலம் திராட்சைக்கு ஒரு நன்மையும் செய்கிறது. காற்று உலர்ந்திருப்பதால் இலையிலும் பழத்திலும் பூஞ்சை நோய் குறைவு. மேலும், எப்போது எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைப் பெரும்பாலும் விவசாயியே முடிவு செய்யலாம்.

பகலில் சர்க்கரை, இரவில் அமிலம்

1853ஆம் ஆண்டில் மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மெண்டோசாவுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த திராட்சை வகைகளில் 'மால்பெக்' ஒன்று. பிறந்த நாடான பிரான்சைவிட இன்று அது அர்ஜென்டினாவில்தான் அதிகமாக வளர்கிறது.

நீண்ட காலம் தோட்டங்கள் தாழ்வான, வெப்பமான பகுதிகளிலேயே இருந்தன. 1992ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் கட்டேனா என்ற வைன் தயாரிப்பாளரின் குடும்பம், ஊக்கோ பள்ளத்தாக்கின் குவல்தயாரி பகுதியில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் கொடிகளை நட்டது. அவ்வளவு குளிரில் பழம் பழுக்காது என்று பலர் எண்ணினார்கள். பழம் பழுத்தது. அதோடு சுவையும் மாறியது. எப்படி?

முதலில் ஒரு கணக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மெண்டோசா நகரம் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 700 மீட்டர் மேலே போனால் சுமார் 4.5 டிகிரி குறையும். ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும்போது நாம் உணரும் குளிர்ச்சிக்கும் இதுவே காரணம்.

அடுத்தது பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு. மேகமும் நீராவியும் நமது ஊரில் இரவில் போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மெண்டோசாவின் உலர்ந்த வானில் அந்தப் போர்வை மிக மெல்லியது. நிலத்தின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக விரைவில் வெளியேறிவிடும். மலையிலிருந்து கனமான குளிர்காற்றும் சரிவில் வழிந்து இறங்குகிறது. அதனால் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி அளவுக்குக்கூட வேறுபாடு இருக்கும்.

பகலில் வெயில் நன்றாக இருப்பதால் இலைகள் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கின்றன. பழத்தில் மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளும் இருக்கிறது. பச்சை ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலத்தால்தான். பழுக்கும் திராட்சை சுவாசிக்கும்போது இந்த அமிலத்தை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. வெப்பம் கூடினால் சுவாசம் வேகமாகும், அமிலம் விரைவில் தீரும். இரவு குளிர்ந்தால் சுவாசம் மெதுவாகும், அமிலம் எஞ்சும். ஆகவே உயரமான தோட்டத்துப் பழத்தில் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

மூன்றாவது, புறஊதாக் கதிர். உயரே போகப் போகக் காற்று மெலிவதால் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு அதிகமான புறஊதாக் கதிர் தரையை அடைகிறது. வெயிலில் ஓட முடியாத பழம் தனக்குத் தானே 'வெயில் தடுப்புப் பூச்சு' தயாரிக்கிறது. தோலில் ஆந்தோசயனின் போன்ற நிறப்பொருள்களும் டானின்களும் கூடுகின்றன. மால்பெக் வைனின் கருநீலச் சிவப்பு இந்தத் தோலிலிருந்து வருவதுதான்.

கல்லின் சுவையா?

சில வைன் புட்டிகளில் 'இதில் கல்லின் சுவை உண்டு' என்பதுபோல் எழுதியிருப்பார்கள். வேர் கல்லின் சுவையை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்புவதில்லை. வேர் எடுப்பது நீரையும் அதில் கரைந்துள்ள சிறிதளவு தாது அயனிகளையும்தான். மணமும் சுவையும் தரும் சேர்மங்களைக் கொடியும், நொதித்தலின்போது ஈஸ்ட்டும் உருவாக்குகின்றன.

அப்படியானால் மண்ணுக்கு வேலை இல்லையா? உண்டு. மண் கொடிக்குக் கிடைக்கும் நீரையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துகிறது.

மலையிலிருந்து பாயும் ஆறு சமவெளியைத் தொட்டதும் வேகம் குறைகிறது. வேகம் குறையும்போது கனமானதைத்தான் முதலில் கீழே போடும். அதனால் அடிவாரத்துக்கு அருகில் உருண்டைக் கற்களும், சற்றுத் தள்ளி மணலும், தொலைவில் களிமண்ணும் படிகின்றன. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் பலமுறை தடம் மாறியிருப்பதால், ஒரே தோட்டத்தில் சில மீட்டர் இடைவெளியில்கூட ஒரு குழியில் கல்லும் மறு குழியில் ஆழமான வண்டலும் இருக்கும். குவல்தயாரியில் சில கற்கள்மீது சுண்ணாம்பு வெள்ளைப் பூச்சாகப் படிந்திருக்கிறது.

ஆழமான வண்டலில் நீர் தங்கும். கொடி செழித்து இலைகளை விரிக்கும், பழங்கள் பெரிதாகும். கல் நிறைந்த இடத்தில் நீர் வடிந்துவிடும். கொடி அளவாகத்தான் வளரும், பழங்கள் சிறிதாகும். சிறிய பழத்தால் என்ன பயன்? ஒரு கோளத்தின் பரப்பளவைக் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது 6 ÷ விட்டம். விட்டம் 16 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆகக் குறைந்தால், இந்த விகிதம் 0.375லிருந்து 0.5 ஆகிறது. அதாவது சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நிறமும் டானினும் தோலில் இருப்பதால் சாறு அடர்த்தியாகிறது. கல்லுக்குச் சுவை இல்லை. ஆனால் கல் நீரைக் குறைத்தது, நீர் பழத்தைச் சிறிதாக்கியது, சிறிய பழம் சுவையை மாற்றியது.

பனி குறைந்தால்?

இவ்வளவு நுட்பமான சமநிலை எளிதில் குலையக்கூடியது. கோடை இடிமழையோடு விழும் ஆலங்கட்டி சில நிமிடங்களில் ஓராண்டு விளைச்சலை அழித்துவிடும். அதனால் பல தோட்டங்கள் வலை போர்த்தி நிற்கின்றன. வசந்த காலத்து உறைபனி இளந்தளிரைக் கருக்கிவிடும்.

இவற்றைவிடப் பெரிய கவலை தண்ணீர். 2010க்குப் பிறகு மத்திய ஆண்டிஸ் பகுதியில் பல ஆண்டுகள் பனிப்பொழிவு குறைந்து நீண்ட வறட்சி நிலவியது. பனியைவிட்டால் மெண்டோசாவின் ஆறுகளுக்குப் பெரிய நீர் ஆதாரம் இல்லை. நிலம் வெப்பமானால் பழத்தின் அமிலம் முன்னதாகவே குறையும். அதைத் தவிர்க்க விவசாயிகள் இன்னும் உயரத்துக்குப் போகலாம். ஆனால் உயரத்தில் உறைபனி அபாயம் கூடும், பாசன நீருக்கான உரிமையும் எளிதில் கிடைக்காது. 1884ஆம் ஆண்டிலேயே தண்ணீருக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஒரு சொட்டின் மதிப்பு அங்குள்ளவர்களுக்குத் தெரியும். சொட்டுநீர்ப் பாசனம் அங்கே பரவி வருவதற்கும் இதுவே காரணம்.

திராட்சை மட்டுமல்ல மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலையும் நம் ஊர் டுரியானும் தாம் வளரும் இடத்தின் வெப்பத்தையும் நீரையும் பொறுத்தே சுவை பெறுகின்றன. அந்த இடம் மாறினால் சுவையும் மாறும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு நெகிழிக் குவளைகளின் அடியில் ஒரே எண்ணிக்கையில் சிறு துளைகள் இடுங்கள். ஒன்றில் கூழாங்கற்களையும் மற்றொன்றில் தோட்டத்து மண்ணையும் ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, ஐந்து நிமிடத்தில் கீழே வடியும் நீரை அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, ஒரே ஆழத்தில் வெப்பமானியைச் செருகி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குவளையில் நீர் குறைவாகத் தங்கியது? எது அதிகம் சூடானது? இந்த இரண்டு விடைகளையும் வைத்து, ஒரு திராட்சைக் கொடி எந்தக் குவளையில் எப்படி வளரும் என்று உங்கள் சொந்தச் சொற்களில் விளக்கிப் பாருங்கள்.