கொசுவின் இரைப்பையில் ஒரு போட்டி

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், குடித்த இரத்தத்தைச் செரிக்கும் அதன் இரைப்பை, இரத்தத்துடன் வந்த ஒட்டுண்ணியை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? நோய்த்தடுப்பின் சூட்சுமம் இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது.

1897 ஆகஸ்ட் 16 அன்று செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், ஹுஸைன்கான் என்னும் நோயாளியைக் கொசுக்கள் கடிக்கச் செய்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. நான்கு நாட்களுக்குப் பின் ஒரு கொசுவை அறுத்து நோக்கியபோது, அதன் இரைப்பைச் சுவரில் உருண்டையான உயிரணுக்கள் தென்பட்டன. மலேரியாக் கிருமியில் காணப்படும் அதே கருநிறத் துகள்கள் அவற்றினுள் இருந்தன. மலேரியா ஆய்வுக்காக 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாகத் தேவையான புரதத்துக்காகவே அது நம்மை நாடுகிறது. ஏறக்குறையத் தன் எடையளவு இரத்தத்தை அது உறிஞ்சுகிறது. உடனே இரைப்பை, அவ்விரத்தத்தைச் சுற்றிக் கைட்டினும் புரதமும் கலந்த மெல்லிய உறையொன்றை நெய்யத் தொடங்குகிறது. டிரிப்சின் முதலிய நொதிகள் இரண்டு, மூன்று நாட்களில் உணவைச் செரித்து முடிக்கின்றன.

ஒட்டுண்ணிக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. மனித உடலின் வெப்பம் நீங்கியதை உணர்ந்து, கால் மணி நேரத்துக்குள் அதன் ஆண், பெண் பாலணுக்கள் வெளிப்பட்டு இணைகின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் நகரும் வடிவம் பெற்று, கைட்டினைக் கரைக்கும் நொதியால் உறையைத் துளைத்து, இரைப்பைச் சுவரையும் கடந்து, அதன் வெளிப்புறத்தில் தங்குகிறது. பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. ஆகவே, இரைப்பை அவற்றை விட்டுவைப்பதில்லை. தப்புபவை மிகச் சிலவே. ஆனால் தப்பிய ஒன்றே ஆயிரக்கணக்கில் பெருகிக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது.

இதற்குப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அதற்குள் இறந்துவிடும் கொசுவால் நோயைப் பரப்ப இயலாது. மருந்தூட்டிய கொசுவலையும் சுவரில் தெளிக்கும் மருந்தும் அதன் ஆயுளைக் குறைத்தும் நம்மைக் காக்கின்றன.

நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி, சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் தேங்கும் தூய நீரில் வளர்வது. கீரனூர் உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளியிலும் கோடைக்காக நீரைச் சேமித்து வைக்கிறோம். தொட்டியை இறுக மூடுவதும், வாரம் ஒருமுறை நீரை வடித்துத் தேய்த்துக் கழுவுவதும், அந்தப் போட்டி தொடங்கும் முன்பே அதை முடித்துவிடும் வழிகளாகும்.