ஆரோக்கியப்பச்சையும் ஜின்செங்கும்

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை, சாலைக் கடைவீதிப் பகுதியிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவை நெடுங்காலமாகப் பழகிய சரக்குகள். இம்மூன்றுடன் அகத்தியமலைச் செடி ஒன்றின் இலையையும் சேர்த்து உருவாக்கப்பட்டதே ‘ஜீவனி’ என்னும் மருந்து. அச்செடி ஆரோக்கியப்பச்சை, ‘காணிகளின் ஜின்செங்’ எனவும் அழைக்கப்படுகிறது. இப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

1987 டிசம்பரில், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காடுகளுக்குச் சென்றது. மலையேறிய விஞ்ஞானிகள் களைப்புற்றனர். வழிகாட்டிகளான காணிகளோ சிறு கனிகளைத் தின்றவாறே சோர்வின்றி நடந்தனர். அக்கனி பற்றிக் காணிகள் கூறிய செய்தியே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. பின்னர் நடந்த பரிசோதனைகளில், இச்செடியின் சாறு கொடுக்கப்பட்ட சுண்டெலிகள் மற்றவற்றைவிட நெடுநேரம் நீந்தின.

உண்மையான ஜின்செங் சீனா, கொரியா முதலிய நாடுகளில் வளரும் ‘பானாக்ஸ்’ இனத்தின் வேராகும். சர்வரோக நிவாரணி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவ்வினப்பெயர் வந்தது. இதன் குணங்களுக்குக் காரணமாகக் கருதப்படுபவை ‘ஜின்செனோசைடு’ என்னும் ரசாயனப் பொருள்கள். ஆரோக்கியப்பச்சையோ வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சார்ந்தது. ‘இந்திய ஜின்செங்’ எனப்படும் அமுக்கரா கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆகவே, மூன்றுக்கும் பொதுவாக இருப்பது பெயர் மட்டுமே. ஒன்றைப் பற்றிய சான்று மற்றொன்றுக்குச் சான்றாகாது.

ஜின்செங்கிற்கேனும் முழுமையான சான்று உண்டா? ஆரோக்கியமுள்ளவர்களின் நினைவாற்றலையோ அறிவுக்கூர்மையையோ அது வளர்க்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என, பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2010இல் தெரிவித்தது. மாறாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் பயனை அமெரிக்க ஜின்செங் குறைப்பதாக 2004இல் வெளியான சோதனை காட்டியது. நீரிழிவு மருந்துடன் ஜின்செங்கை உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் தாழவும் கூடும்.

ஆரோக்கியப்பச்சையிலும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். காணிகள் உண்டது பசுங்கனி. ஜீவனியில் சேர்ந்தது இலை, அதுவும் வேறு மூன்று மூலிகைகளுடன். சுண்டெலியின் நீச்சலைக் கொண்டு மனிதனின் நோயையோ முதுமைத் தளர்ச்சியையோ அளவிட இயலாது. கனி, இலை, கலவை ஆகிய ஒவ்வொன்றும் மனிதரிடத்தில் ஒப்பீட்டு முறையில் தனித்தனியே சோதிக்கப்படல் வேண்டும்.

காணிகளின் அறிவுக்கு உரிய மதிப்பு ஓரளவு அளிக்கப்பட்டது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் 1995இல் ஜீவனியைத் தயாரிக்கும் உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்திற்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் வழங்கியது. வருவாயில் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. மருந்தை வாங்கி உண்பவருக்குரிய கடமையோ வேறு: அவருக்கு அளிக்கப்பட வேண்டியது சான்று.

எனவே, ஜின்செங் என்னும் பெயரைக் கண்ட அளவில் எதையும் வாங்குதல் தகாது. நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே இத்தகைய சத்து மருந்துகளைப் பயன்படுத்துதல் நன்று.